கொல்லை வழியாக வந்தவள்

என் பேத்தி தலைப்பிரசவத்துக்காகக் கடலூர் வந்திருந்தாள். ஒன்பதாவது மாதம். காலையும் மாலையும் நடக்க வேண்டும் என்பது டாக்டரம்மாளின் உத்தரவு. அந்த நேரம் போக மற்றப் பொழுதெல்லாம் டெலிவிஷன் பெட்டிக்கு எதிரேதான். ஒரு நாள் சாயங்காலம் நானும் காப்பித் தம்ளருடன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஓர் ஆங்கிலத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ‘கால் த மிட்வைஃப்’ என்று பெயர். ‘மருத்துவச்சியைக் கூப்பிடு’ என்று நம் பாஷையில் சொல்லிக்கொள்ளலாம்.

“பிள்ளைத்தாய்ச்சி பார்க்கிற கதையா இது?” என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

“பிள்ளைத்தாய்ச்சி பார்க்காம வேற யார் பாட்டி பார்க்கணும்?” என்றாள் பேத்தி.

நியாயமான கேள்விதான். நான் வாயைத் திறக்காமல் கதையைப் பார்த்தேன்.

ஜெனிஃபர் வொர்த் என்ற ஆங்கில நர்ஸ், தம் இளமைக் காலத்து அனுபவங்களை எழுதி 2002-ல் புத்தகமாக வெளியிட்டார். அதைத் தழுவி எடுத்தது இந்தத் தொடர். 2012 ஜனவரியில் பி.பி.சி. இதன் முதல் பகுதியை ஒளிபரப்பியது. பாவம், அதைப் பார்க்க அந்த அம்மாளுக்குக் கொடுத்துவைக்கவில்லை, 2011-லேயே காலமாகிவிட்டார். கதை நடக்கிற இடம் கிழக்கு லண்டனில் பாப்ளர் என்ற பேட்டை. கப்பல்துறைத் தொழிலாளிகள் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்த இடம். கதை தொடங்குகிற வருஷம் 1957. அங்கே ஒரு கன்னிமாடத்தில் இருக்கும் கன்னியாஸ்திரீகளும் இளம் நர்ஸுகளும், கூப்பிட்ட குரலுக்குச் சைக்கிளில் ஏறிப் போய் வீடு வீடாகப் பிரசவம் பார்க்கிறார்கள்.

நாங்கள் அன்று பார்த்தது முதல் பகுதி. கொன்சிட்டா என்று ஒரு ஸ்பானியப் பெண் அதில் வருகிறாள். 24 பிள்ளை பெற்றவள், 25-வது வயிற்றில். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. அவள் புருஷனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. தாம்பத்தியத்துக்குப் பாஷை அவ்வளவு அவசியமில்லை போலிருக்கிறது! அந்தப் பெண் ஒரு நாள் கீழே விழுந்துவிடுகிறாள். மாதம் நிறையாமலே குழந்தை பிறந்துவிடுகிறது. பேச்சு மூச்சில்லை. செத்துப் பிறந்தது என்று தீர்மானித்து ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடுகிறார்கள். சற்று நேரத்தில் பாத்திரத்திலிருந்து பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம்!

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார்கள் வைத்தியர்கள். தாய் கொடுக்க மறுக்கிறாள். தன் மார்போடு மார்பாக, தோலோடு தோலாக அந்தச் சிசுவை வைத்துக் கட்டிக்கொள்கிறாள். குழந்தை பிழைத்துவிடுகிறது.

கதைக்காகச் செய்துகொண்ட கற்பனை என்று நினைக்க வேண்டாம். தென்னமெரிக்காவில், கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் தவித்த டாக்டர்கள் 1978-ல் இதே உபாயத்தைத்தான் கையாண்டார்கள். கங்காரு முறை என்று அதற்குப் பெயர். இன்று நம் தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் எடை குறைந்த குழந்தைகளுக்கு அதைக் கையாளுகிறார்கள்.

பேத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, “தாத்தா, நீங்க பிறந்தப்ப யாரு பிரசவம் பார்த்தா?” என்று கேட்டாள்.

“மருத்துவச்சிதான்.”

“அவங்க பேரு?”

எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இத்தனை காலமாகக் கதை எழுதி வருகிறேன். என் நாவல்களில் எத்தனையோ குழந்தைகள் பிறந்திருக்கின்றன. ஒவ்வொரு முறையும் நான் திண்ணையில்தான் நின்றிருக்கிறேன். புருஷன் குறுக்கும் நெடுக்கும் நடப்பான். கடிகாரம் அடிக்கும். நாய் ஊளையிடும். உள்ளே ‘வீல்’ என்று ஓர் அழுகை. கதவு திறக்கும். “ஆம்பளைப் பிள்ளை” என்று மருத்துவச்சி சொல்வாள். அவ்வளவுதான், அவளைக் கொல்லைப் பக்கம் அனுப்பிவிட்டு நான் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவேன். ஒரு கதையிலாவது அவளுக்குப் பெயர் வைத்தேனா? வைக்கவில்லை.

அந்த லண்டன் கதை தொடங்குகிற அதே 1957-ல்தான் என் தம்பி பிறந்தான். சிதம்பரத்தில் தெற்கு வீதியில் எங்கள் வீடு. எனக்கு அப்போது ஒன்பது வயது. அர்த்தஜாமத்தில் யாரோ அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். சிறிது நேரத்தில் கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. வெற்றிலை வாசனையும் விளக்கெண்ணெய் வாசனையுமாக ஒரு கிழவி உள்ளே வந்தாள். வாசல் வழியாக அவள் வந்து நான் பார்த்ததேயில்லை. கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு நேரே பிரசவ அறைக்குள் போனாள். அதன் பிறகு அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். என் பாட்டியையே, “பேசாம இருங்கம்மா” என்று அதட்டினாள். அப்பா வாசல் திண்ணையில் பெட்டிப் பாம்பாக அடங்கி உட்கார்ந்திருந்தார்.

விடியும்போது தம்பி முறத்தில் கிடந்தான். கிழவி சுவரோரமாக உட்கார்ந்து, நீட்டிய கால்களின் மேல் அவனைப் போட்டு, மூக்கைப் பிடித்து, தலையை உருட்டிக் குளிப்பாட்டினாள். பதினோராம் நாள் வரை தினமும் வந்தாள். கடைசி நாளில் ஒரு மரக்கால் நெல், ஒரு புடவை, வெற்றிலை பாக்கில் வைத்து இரண்டு ரூபாய். அதையும் கொல்லை நடையில் வைத்துத்தான் கொடுத்தார்கள்.

ராத்திரி பூராவும் அந்த வீட்டை ஆண்டவள் விடிந்ததும் தீண்டத் தகாதவளாகிவிட்டாள். ஏன்? அவள் கையில் பட்டது ரத்தம். ரத்தம் என்றால் தீட்டு. கொப்பூழ்க்கொடியை அறுக்கவும் நஞ்சுக்கொடியைப் புதைக்கவும் வீட்டு மனிதர் ஒருவரும் வரமாட்டார்கள். அதற்கென்று ஒரு குலத்தை ஒதுக்கி வைத்தோம். நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரசவம் பார்த்தவர்கள் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்கள். ஆண்கள் கத்தி பிடித்தார்கள், கட்டி அறுத்தார்கள், காயத்துக்கு மருந்து போட்டார்கள். பெண்கள் பிள்ளை எடுத்தார்கள். மருத்துவர் என்ற பெயரே அந்தக் குலத்துக்கு வழங்கியது.

இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இதே கதைதான். அங்கே 1540-லிருந்து நாவிதரும் ரண வைத்தியரும் ஒரே சங்கத்தில் இருந்தார்கள். 1745-ல் ரண வைத்தியர்கள் தனியே பிரிந்து போனார்கள். போனவர்கள் படிப்பும் பட்டமும் கௌரவமும் தேடிக்கொண்டார்கள். நம் ஊரில் கத்தியும் கையும் கொல்லைப்புறத்திலேயே நின்றுவிட்டன.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் தாயுமானவரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். தலைப்பிரசவத்துக்காகக் காத்திருந்த செட்டியார் குலப் பெண். காவிரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே நின்றுவிட்ட அவள் தாய். தாயின் வடிவம் எடுத்து வந்து சிவபெருமானே பிரசவம் பார்த்தார் என்பது ஸ்தல புராணம். இன்றும் கர்ப்பிணிகள் அங்கே வாழைத்தார் சாத்தி வேண்டிக்கொள்கிறார்கள். பிரசவம் பார்த்த கடவுளுக்கு மலைமேல் கோயில் கட்டினோம். பிரசவம் பார்த்த மனுஷிக்கு வாசற்படி ஏற இடம் கொடுக்கவில்லை.

மருத்துவச்சியைப் பற்றி நம்மவர்கள் எழுதி வைத்தது சொற்பம். எழுதியவர்கள் வெள்ளைக்காரப் பாதிரிமார்களும் சர்க்கார் டாக்டர்களும்தான். அவர்கள் எழுத்தில் அவள் அழுக்கானவள், அறியாதவள், கொலைகாரி. 1927-ல் காதரீன் மேயோ என்ற அமெரிக்கப் பெண்மணி ‘மதர் இந்தியா’ எழுதியபோதும் அவளை விட்டுவைக்கவில்லை. மகாத்மா அந்தப் புத்தகத்தைக் கடுமையாகக் கண்டித்தார் என்றாலும், அதில் சொன்ன குற்றச்சாட்டு அத்தனையும் பொய் என்று தள்ளிவிட முடியாது என்பதே உண்மை. சவரக்கத்தியோ, அரிவாளோ, மூங்கில் சிம்போ கைக்கு எது கிடைத்ததோ அதனால் கொடியை அறுத்தார்கள். மண்ணும் சாம்பலும் வைத்தார்கள். ஒரு வாரம் நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரென்று வாய் திறக்க மாட்டாமல் விறைத்துப்போய் இறந்துவிடும். ‘தோஷம் தட்டிவிட்டது’ என்று ஊர் சொல்லும். அது தோஷமல்ல, டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி. கத்தியிலும் மண்ணிலும் ஒட்டியிருந்த கிருமி, அறுத்த கொடியின் வழியாக உள்ளே போய் உயிரை வாங்கியது. எத்தனை தொட்டில்கள் இப்படிக் காலியாயின என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஆனால் குற்றவாளிக் கூண்டில் அவள் ஒருத்தியை மட்டும் நிறுத்துவது தர்மமா? இதற்குப் பதில் சொல்ல நம் பழைய ஜில்லாவிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது.

இன்று விழுப்புரம் ஜில்லாவில் இருக்கும் திண்டிவனம், 1993 வரையில் தென்னார்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தது. ஜில்லாவின் தலைநகர் கடலூர். 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் ஜான் ஸ்கடர் என்ற அமெரிக்கப் பாதிரியார் இருந்தார். அவர் டாக்டரும்கூட. அவருடைய மகள் ஐடா ஸ்கடர், 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவள், அமெரிக்காவில் படித்துவிட்டு, உடம்பு சரியில்லாத தாயாருக்குத் துணையாக வந்திருந்தாள். பாதிரிமார் வாழ்க்கை தனக்கு வேண்டவே வேண்டாம், சீக்கிரம் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது அவள் தீர்மானம்.

ஒரு ராத்திரி. விளக்கு வெளிச்சத்தில் எதையோ படித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பிராமண வாலிபன் வந்து நின்றான். மனைவி பிரசவ வேதனையில் துடிக்கிறாள், வந்து காப்பாற்ற வேண்டும் என்றான். “எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள், நானும் உதவிக்கு வருகிறேன்” என்றாள் ஐடா. அந்நிய ஆண்பிள்ளை தன் மனைவியைப் பார்ப்பதா? அது எங்கள் வழக்கத்தில் இல்லை என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். சற்றுக் கழித்து ஒரு முஸ்லிம் அன்பர் வந்தார். அதே வேண்டுகோள், அதே பதில், அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னொரு ஹிந்துக் கனவான். அவரும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பிப் போனார். சமயமும் சாதியும் வேறு வேறு. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மூவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை!

ஐடா அன்றிரவு தூங்கவில்லை. விடியற்காலையில் தெருவில் பறையொலி கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தாள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

அவள் அமெரிக்காவுக்குத் திரும்பினாள், ஆனால் வேறு காரியத்துக்காக. வைத்தியம் படித்தாள். 1899-ல் கார்னெல் வைத்தியக் கல்லூரியில் பட்டம் வாங்கிக்கொண்டு, 1900-ல் இங்கே வந்து சேர்ந்தாள். வேலூரில் 1902-ல் பெண்கள் ஆஸ்பத்திரி, 1909-ல் நர்ஸுகளுக்குப் பள்ளி, 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளி என்று ஒவ்வொன்றாக எழுந்தன. இன்று தேசமெங்கிலுமிருந்து நோயாளிகள் தேடி வருகிற வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அந்த ஒரு ராத்திரியில் முளைத்த விதை. 1960-ல் கொடைக்கானலில் அந்த அம்மையார் காலமானார்.

இந்தச் சம்பவத்தைச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஐடாவின் அறையிலேயே நின்றுவிடுகிறார்கள். கதாசிரியனாகிய என் புத்தியோ அந்த மூன்று வீடுகளுக்குப் போகிறது. அங்கே யார் இருந்திருப்பார்கள்? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மருத்துவச்சி இருந்திருக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. “இனிமேல் என் கையில் இல்லை, வேறு யாரையாவது பாருங்கள்” என்று அவள் சொல்லாமல், அந்தக் காலத்து ஆண்பிள்ளை துரைசானி வீட்டு வாசலுக்கு ராத்திரியில் எதற்காக ஓடுகிறான்? குறுக்கே கிடந்த குழந்தையை எடுக்க ஆயுதம் இல்லை. உதிரம் பெருகினால் நிறுத்த மருந்து இல்லை. கற்றுக்கொடுக்க ஆளில்லை. டாக்டர் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவரை அழைக்க உத்தரவு இல்லை. அந்த உத்தரவைப் போடாதவர்கள் திண்ணையில் இருந்தார்கள். பழி மட்டும் விடியற்காலையில் அவளோடு கொல்லை வழியாக வெளியே போயிருக்கும்.

சரி, டாக்டர் கை எல்லாக் காலத்திலும் சுத்தமான கையாக இருந்ததா? வியன்னா நகரத்துக்குப் போவோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் டாக்டர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றொன்றில் மருத்துவச்சிகள். 1846-ல் டாக்டர்கள் வார்டில் 100-க்கு 11 தாய்மார் பிரசவ ஜுரத்தில் இறந்தார்கள். மருத்துவச்சிகள் வார்டில் 100-க்கு 3 பேர்கூட இல்லை. முதல் வார்டில் சேர்க்க வேண்டாமென்று கர்ப்பிணிகள் காலில் விழுந்து கெஞ்சுவார்களாம். ஸெம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் 1847-ல் காரணத்தைக் கண்டுபிடித்தார். டாக்டர்கள் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவ வார்டுக்கு வருகிறார்கள்! குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டு வரும்படி உத்தரவிட்டார். சாவு மளமளவென்று குறைந்தது. ஆனால் ‘கனவான்களின் கை அழுக்கு’ என்று சொன்னவரைக் கனவான்கள் மன்னிக்கவில்லை. 1865-ல் ஒரு பைத்திய விடுதியில் அவர் செத்துப்போனார்.

ஆகவே சாதி, பட்டம், தேசம் எதுவும் பார்க்காமல் கிருமி வேலை செய்தது. சோப்பும் வெந்நீரும் எங்கே இருந்தனவோ அங்கே தாய் பிழைத்தாள். அந்தச் சோப்பை மருத்துவச்சியின் கையில் கொடுக்க நமக்கு எத்தனை காலம் பிடித்தது என்பதுதான் சரித்திரம்.

சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரி 1844-லேயே தொடங்கிவிட்டது. இன்று எழும்பூரில் இருப்பது அதுதான். 1854-லிருந்து அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்த டாக்டர் கிறீன், ஆங்கில நூலைத் தமிழாக்கி ‘பிரசவ வைத்தியம்’ என்று 1857-ல் வெளியிட்டார். சென்னையில் பாரிஸ்டராக இருந்த ஒருவரின் மனைவி மேரி ஷார்லீப், அந்தப்புரங்களில் பெண்கள் படும் பாட்டைக் கேள்விப்பட்டு, முதலில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி வேலையைக் கற்றுக்கொண்டார். பிறகு 1875-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் ஒருவரானார். ஆண் டாக்டரிடம் போக முடியாத பெண்களுக்காக 1885-ல் அவர் முயற்சியால் ஏற்பட்ட ஆஸ்பத்திரிதான் இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூர்பா ஆஸ்பத்திரி. டாக்டரம்மாள் ஆவதற்கு முன்னால் அவரும் மருத்துவச்சியாக இருந்தவர் என்பதை நான் சந்தோஷத்தோடு குறித்துக்கொள்கிறேன்.

ஆனால் இதெல்லாம் பட்டணத்துச் சங்கதி. 1903-ல் கர்ஸான் சீமாட்டி, நாட்டு மருத்துவச்சிகளைப் பழக்குவதற்கென்று விக்டோரியா மகாராணி பெயரில் ஒரு நிதி திரட்டினார். 1926-ல் சென்னை ராஜதானியில் நர்ஸுகளையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யச் சட்டம் வந்தது. இருந்தும், 1946-ல் போர் கமிட்டி அறிக்கை வெளியானபோது நிலைமை என்ன? (இந்தப் போர் யுத்தமல்ல, தலைவரின் பெயர் ஸர் ஜோஸப் போர்.) நம் எழும்பூர் ஆஸ்பத்திரியில் புகழ்பெற்ற பிரசவ நிபுணரான டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் அதில் ஓர் அங்கத்தினர். வருஷத்துக்கு ஏறத்தாழ 2 லட்சம் தாய்மார் பிரசவத்தில் சாகிறார்கள் என்றும், 60,000 ஜனங்களுக்கு ஒரு மருத்துவச்சிதான் படித்தவள் இருக்கிறாள் என்றும் அந்தக் கமிட்டி கணக்கிட்டது. பாக்கி இடமெல்லாம் கொல்லை வழியாக வந்தவள் கைதான்.

இங்கிலாந்தில் மருத்துவச்சிகள் சட்டம் 1902-லேயே வந்துவிட்டது. 1948-ல் வைத்தியம் முழுவதும் இலவசமாயிற்று. 1957-ல் அந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள் வீட்டிலேதான் பிறந்தன. ஆனால் சைக்கிளில் வந்த நர்ஸின் பையில் கொதிக்க வைத்த கருவிகள் இருந்தன. ஆபத்து என்றால் டெலிபோனில் டாக்டரைக் கூப்பிடலாம், ஆம்புலன்ஸ் வரும். தெற்கு வீதிக் கிழவியின் இடுப்பில் வெற்றிலைப் பை மட்டும்தான் இருந்தது. இரண்டு பேரிடமும் தைரியம் ஒன்றுதான், பைதான் வேறு.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்தப் பை மெல்ல மெல்லக் கிராமத்துக்கு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஏற்பட்டன. வெள்ளைப் புடவை கட்டிய பெண்கள் வயல் வரப்பில் நடந்துபோய்ப் பிரசவம் பார்த்தார்கள். புவனகிரி, பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் வெள்ளாற்றின் ஓரமாக அப்படிப் போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். நாட்டு மருத்துவச்சிகளையும் கூப்பிட்டு, கை, விரிப்பு, பிளேடு, நூல், அறுத்த கொடி ஆகிய ஐந்தும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். கர்ப்பிணிகளுக்கு ரண ஜன்னித் தடுப்பு ஊசி போட்டார்கள். 2015-ல், பச்சைக் குழந்தைகளைக் கொன்ற ரண ஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. யுத்தத்தில் ஜெயித்த மாதிரி கொண்டாட வேண்டிய செய்தி அது. பத்திரிகைகளில் ஒரு மூலையில் வந்து போயிற்று.

போர் கமிட்டியின் கணக்குப்படி, அன்று தேசத்தில் 1,000 குழந்தைகள் உயிரோடு பிறந்தால் 20 தாய்மார் மாண்டார்கள். 2018-20-ல் தமிழ்நாட்டுக் கணக்கு, லட்சம் பிறப்புக்கு 54. இங்கே இப்போது வீட்டில் குழந்தை பிறப்பதே அபூர்வம்; 2019-21 சர்வேயின்படி 100-க்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். எங்கள் கடலூர்க் கரையில் புயல் அறிவிப்பு வந்தால், நாள் நெருங்கிய கர்ப்பிணிகளை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். காவிரியில் வெள்ளம் வந்ததும் கடவுளே தாயாக வரவேண்டியிருந்த காலம் போய்விட்டது.

இதே சர்வே இன்னொன்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 100-க்கு ஏறத்தாழ 45 குழந்தைகள் வயிற்றைக் கீறி எடுக்கப்படுகின்றன. தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. ஆபத்தில் கத்தி உயிரைக் காக்கும், சந்தேகமில்லை. ஆனால் இரண்டு பேரில் ஒருத்திக்கா ஆபத்து? பொறுத்திருந்து, தட்டிக்கொடுத்து, “இன்னும் கொஞ்சம், தாயி” என்று சொல்லிப் பிள்ளையை வெளியே வரவழைக்கிற வித்தை எங்கே போயிற்று? 2018 டிசம்பரில் மத்திய சர்க்கார் ஒரு திட்டம் வெளியிட்டது. நர்ஸுகளுக்கு 18 மாதப் பயிற்சி கொடுத்து, இயற்கையான பிரசவத்தைத் தாங்களே பார்க்கும் மருத்துவச்சிகளாக்குவது என்று. கொல்லை வழியாக அனுப்பினவளை வாசல் வழியாக மறுபடியும் அழைக்கிறோம். வரட்டும்.

பேத்தி கேட்ட கேள்வி மனசை அரித்துக்கொண்டேயிருந்தது. பெட்டியைக் குடைந்து என் பிறப்புச் சான்றிதழை எடுத்தேன். அப்பா பெயர், தெரு, தேதி எல்லாம் இருக்கின்றன. அவள் பெயர் இல்லை. இந்தக் காலத்துப் பதிவுப் படிவத்தில் பிரசவம் பார்த்தது யார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆஸ்பத்திரியா, நர்ஸா, நாட்டு மருத்துவச்சியா என்று வகையைத்தான் கேட்கிறார்கள், பெயர் கேட்பதில்லை.

பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். அங்கே என் அக்கா இருக்கிறாள். வயது எண்பத்துநாலு. ஞாபகம் மட்டும் இன்னும் மங்கவில்லை.

“அந்த மருத்துவச்சி பேரு என்னக்கா?”

அக்கா வெகு நேரம் யோசித்தாள். “பேரா? மருத்துவச்சின்னுதானே கூப்பிடுவோம். அம்மா ‘வாடி’ன்னு சொல்லும். பேரு யாரு கேட்டா?” என்றாள். பிறகு தானாகவே தொடர்ந்தாள். “ஆனா நம்ம எல்லாரு பேரும் அதுக்குத் தெரியும். யாரு என்ன கிழமை, எந்த நாழிகையில பிறந்தாங்கன்னு வரிசையா சொல்லும். உன்னைப் பத்தி ஒண்ணு சொல்லிச்சு, தெரியுமா?”

“என்ன?”

“நீ கொடி சுத்திப் பிறந்தவன். கழுத்துல ரெண்டு சுத்து. நீலம் பாரிச்சுப் போயிட்டியாம். விரலை விட்டு அதுதான் கழட்டி எடுத்துச்சு. கொடி சுத்திப் பிறந்தா மாமனுக்கு ஆகாதும்பாங்க இல்ல? அப்ப நம்ம மாமா வேற படுக்கையில கிடந்தாரு. வெளியில தெரிஞ்சா உன்னை ஏசிக்கிட்டே இருப்பாங்கன்னு யாருகிட்டயும் சொல்லலை. அம்மாகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிடுச்சு. அம்மா சாகறதுக்கு முன்னால எங்கிட்ட சொல்லிச்சு.”

நான் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எழுபத்தைந்து வருஷத்துக்கு மேல் மூச்சு விட்டாயிற்று. அந்த முதல் மூச்சுக்கு வழி செய்தவள் என் ரகசியத்தையும் காப்பாற்றிக்கொண்டு போயிருக்கிறாள். நான் அவளை எத்தனை கதைகளில் பெயரில்லாமல் வெளியே அனுப்பியிருக்கிறேன்!

பத்து நாள் கழித்துப் பேத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். ராத்திரி முழுவதும் வராந்தாவில் நானும் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அந்த வழக்கம் கதையிலிருந்து நேரே காலுக்கு வந்துவிட்டது. விடியற்காலையில் கதவு திறந்தது. கண் சிவந்துபோய் ஒரு நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள்.

“பெண் குழந்தைங்கய்யா. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க.”

“உன் பேர் என்னம்மா?” என்றேன்.

அவள் திகைத்துப் போனாள். ஏதோ புகார் எழுதப் போகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். “எதுக்குங்கய்யா?” என்றாள் தயங்கி.

“இவள் பெரியவளாகிக் கேட்டால் சொல்ல வேண்டும், அதற்குத்தான்.”

அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். டைரியில் எழுதிக்கொண்டேன். குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் இப்போதைக்கு அவள் பெயர் ஒன்றுதான் இருக்கிறது.